எழுதிக் கொடுக்காதீர்கள்

நம் பயிற்சிக் கூடத்தில், கரும்பலகைக்கு இடப்பக்கம் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பார்த்திருப்பீர்கள். இரும்புக் கம்பம் ஒன்றின் பக்கத்தில் ஒரு பையன் நிற்கிறான். வெல்டிங் ஷீல்டு அவன் முகத்தை முழுவதுமாக மூடியிருக்கிறது. கீழே 'தடம் மாறிய வாழ்வில் புது வெளிச்சம்' என்று எழுதியிருக்கும். முதல் நாள் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டித்தான் நம் வேலை என்னவென்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

நான் இந்த மாதத்தோடு இந்த வேலையை விடுகிறேன். ஓய்வு பெறுகிற வயதில்லை, முப்பது இன்னும் ஆகவில்லை. திருச்சியில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். போன வருஷம் போனவர் பொறுமை, அர்ப்பணிப்பு என்று பேசினார். எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு இருப்பது கோபம். அது அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கிளம்புகிறது. ஆகவே அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். பொறுமையை வேறு யாராவது சொல்லித் தருவார்கள்.

ஊர் குளத்தூர் தாலுகாவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த ஜனங்கள் இனிமேலும் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் எது என்றும் கேட்காதீர்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஆபீஸ் ஜீப்பில்தான் ஊர்களுக்குப் போவோம். கதவில் நிறுவனத்தின் பெயரும், அதன் கீழே 'இளைஞர் மறுவாழ்வு' என்றும் பெரிதாக எழுதியிருக்கும். அந்த ஊரில் சவரியம்மா என்பவர் வீட்டு வாசலில் ஒருநாள் அதைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அவருடைய மகன் ஆரோக்கியராஜ் பத்தாவதோடு நின்றுவிட்டவன். ஊரில் எல்லாரும் கூப்பிடுவது ஆரோக்கியம் என்று. பதினாறு வயதில் ஒரு கிணற்று மோட்டாரிலிருந்து காப்பர் கம்பியை உருவி மாட்டிக்கொண்டான். தோட்டத்துக்காரர் மரத்தில் கட்டி வைத்து அடித்துவிட்டு, கேஸ் எதுவும் வேண்டாம் என்று அவிழ்த்துவிட்டார். ஊர்தான் அவிழ்த்துவிடவில்லை.

சவரியம்மா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்த வண்டிய அங்கிட்டுக் கொண்டுபோயி நிறுத்திட்டு நடந்து வாங்க."

"ஏம்மா, வழிய மறிக்குதா?"

"வழியெல்லாம் மறிக்கல. இது வந்து நின்னா எந்த வீட்டுல திருடன் இருக்கான்னு தெருவுல யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல, அதான் சொல்றேன். டவுன் பஸ்ஸுல வாங்க. வந்தா உக்காரச் சொல்லிக் காப்பி தாரேன்."

அன்றிலிருந்து நான் அந்த ஊருக்கு டவுன் பஸ்ஸில்தான் போனேன். உங்களுக்கும் தொப்பி கொடுத்திருப்பார்கள், பெயர் போட்ட பனியன் கொடுத்திருப்பார்கள். வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வெயிலுக்குத் துண்டு போதும்.

ஆரோக்கியத்தைப் போல அந்த ஊரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். படிப்பை விட்டவர்கள், குடிக்க ஆரம்பித்தவர்கள், அப்பன் திருப்பூருக்குப் போய்த் திரும்பாதவர்கள். அவர்களை வரச் சொல்லி உட்கார வைத்து அறிவுரை சொன்னால் மறுநாள் வரமாட்டார்கள். பந்து வாங்கிக் கொடுத்தேன், வந்தார்கள். கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு பொட்டல். ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் ஒரு சவுக்குக் கழி. இரண்டுக்கும் நடுவே நெட். கழி சாய்ந்துகொண்டே இருக்கும், நெட் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் வாலிபால் நடந்தது. ஆட்டத்துக்கு நடுவில்தான் என்னென்னவோ பேச்சில் வரும். யாருக்கு வீட்டில் சோறில்லை, எவன் வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறான், எல்லாம் சர்வீஸ் போடுகிற இடைவெளியில் எனக்குத் தெரிந்துவிடும். நம் வேலையின் சாரம் அவ்வளவுதான். தினமும் அங்கே இருப்பது.

ஆரோக்கியம்தான் லிஃப்டர். அடிக்கிறவனுக்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பான், தான் அடிக்க ஆசைப்படமாட்டான். அங்கே பேசிப் பேசித்தான் கீரனூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனான். பட்டறை முதலாளியை எல்லாரும் பாய் என்பார்கள். பாய் அவனுடைய பழைய கதையைக் கேட்டார், "மோட்டார உருவத் தெரிஞ்சவனுக்கு மாட்டவும் தெரியும், வரச் சொல்லு" என்று சிரித்தார். பத்தொன்பது வயதில் அவன் நல்ல வெல்டர். துபாய் வேலைக்குத் திருச்சியில் ஒரு ஏஜென்ட் வைத்த டெஸ்டில் தேறிவிட்டான். பாஸ்போர்ட் வந்துவிட்டால் விசா. பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தான். போலீஸ் விசாரணை வர வேண்டியதுதான் பாக்கி. ஒரு கேஸ் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் அந்த நாட்களில் சைக்கிளில் லைட் இல்லாமல் போகக்கூடப் பயப்பட்டான்.

அந்தச் சமயத்தில்தான் போர்டு வந்தது.

நிதி தருகிற இடத்திலிருந்து ஆள் பார்வையிட வரப் போகிறார் என்று பேச்சு. நம் டைரக்டர் சார் என்னைப் புதுக்கோட்டை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "நீ அங்க வேல பாக்குறது யாருக்குத் தெரியுது? பொட்டல்ல பயலுக பந்து விளையாடுற மாதிரில்ல இருக்கு" என்றார். அதுதான் சார் நல்லது என்றேன். பயல்கள் பந்து விளையாடுகிற மாதிரி இருக்கிற வரைக்கும்தான் வருவார்கள், போர்டு வேண்டாம், வைத்தே ஆக வேண்டுமென்றால் ஊர்ப் பெயரில் வாலிபால் கிளப் என்று வையுங்கள் என்றேன். எழுதியும் கொடுத்தேன். அடுத்த வாரம் போர்டு டெம்போவில் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு கனமான இரும்புக் குழாய், நடுவில் தகடு, பச்சை எழுத்து. 'தடம் மாறும் இளைஞர் நல்வழி மையம்.' சிமெண்ட் போட்டு நட்டுவிட்டுப் போனார்கள்.

பயல்கள் சுற்றி நின்று படித்தார்கள். செந்தில் என்று ஒருவன், வாய் சும்மா இராது.

"அண்ணே, எங்க போட்டோவயும் வரிசையா ஒட்டிருங்க. ஸ்டேஷன்ல ஒட்டுவாங்கள்ல, அந்த மாதிரி."

"டேய், எங்கப்பன் என்னைய நல்ல பயன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்குப் படிக்கத் தெரியாது, பொழச்சேன்" என்றான் இன்னொருவன்.

ஆரோக்கியம் சிரிக்கவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தான். "நல்ல குழாண்ணே" என்றான். "இதுல நெட்டு கட்டியிருக்கலாம்."

மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டுகிற வாரம் அது. ஒருநாள் சாயந்திரம், ஆட்டம் பாதியில் இருக்கும்போது, கண்மாய்க்கரை மேல் போலீஸ் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும் இறங்கினார்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை, போர்டைப் பார்த்து நேராக வந்தார்கள். "எல்லாப் பயலும் ஒரே எடத்துல இருக்கானுக சார், அலைச்சல் மிச்சம்" என்றார் ஒரு காவலர். அவர் சிரித்துக்கொண்டு, வெயிலில் வந்த மனுஷன் நிழலைப் பார்த்த மாதிரி, ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பயல்கள் கால் மாற்றி நின்றார்கள். கருவேலங்காடு பக்கத்தில்தான். ஒருவன் ஓடினால் எல்லாரும் ஓடுவார்கள், ஓடினவன் எல்லாம் குற்றவாளி. அப்படி ஒரு நொடி உங்களுக்கும் வரும். அந்த நொடியில் போலீஸைப் பார்த்துப் பேசாதீர்கள், பையன்களைப் பார்த்துப் பேசுங்கள். "யாரும் ஓடாதீங்கடா. நின்ன எடத்துலயே உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். செந்தில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஊரின் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் தோட்டத்தில் முந்தின ராத்திரி மோட்டார் காணாமல் போய்விட்டதாம். "இதுல மோட்டார் கை யாருக்கு?" என்றார் எஸ்.ஐ. அவருக்கே தெரிந்திருந்தது. "ஆரோக்கியராஜ் எவன்? வா."

"சார், என்ன ஆதாரம்?" என்றேன்.

"நீ யாரு?"

"இந்த மையத்துக் களப்பணியாளர் சார்."

அவர் போர்டைக் காட்டினார். "நீங்களேதானய்யா எழுதி நட்டு வச்சிருக்கீங்க. என்கிட்ட ஆதாரம் கேக்குற."

 ஜீப் ஊர் நடுவே, பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்க்க, அவனை ஏற்றிக்கொண்டு போனது.

நானும் சவரியம்மாவும் செந்தில் கொண்டுவந்த பைக்கில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆரோக்கியம் வராந்தா ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எஸ்.ஐ.யும் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். திருவிழா முடிவதற்குள் மோட்டார் விஷயம் முடிய வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லியிருப்பார்கள். அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"தம்பி, படிச்ச பையனா தெரியுற. பாஸ்போர்ட்டு அது இதுன்னு அந்தம்மா அழுவுது. நான் கேஸ் எதும் போடல. நீ ஒன் மையத்து சார்பா எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போ. இவன் எங்க கண்காணிப்புல இருக்கான், இனிமே எந்தத் தப்புத்தண்டாவுக்கும் போகாம நாங்க பாத்துக்குறோம், கூப்பிட்டா கொண்டாந்து நிறுத்துறோம். அவ்வளவுதான். ரெண்டு வரி."

வெள்ளைத்தாளும் பேனாவும் மேசைக்கு வந்தன.

டைரக்டர் சாருக்குப் போன் செய்தேன். "உடனே எழுதிக் குடுத்துரு. இதுக்குத்தானே நாம இருக்கோம். போலீஸோட நல்ல உறவு முக்கியம்பா" என்றார். சவரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதிக் குடுத்துருங்க தம்பி. எம்புள்ள ராத்திரி இங்க கெடக்கக் கூடாது. என்னமும் எழுதிட்டுப் போறாங்க, நம்ம மேலயா ஒட்டப் போவுது?"

ஒட்டும். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான். என் அப்பா ஆடு மேய்ப்பவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் ஒரு கிடா காணாமல் போனது. அவரைக் கூட்டிப் போனார்கள். எழுதி வைத்திருந்த தாளில் ரேகை வைக்கச் சொன்னார்கள். என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. விட்டார்களே என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கே எந்த ஆடு காணாமல் போனாலும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். சந்தேகம் எப்போதும் எங்கள் மாதிரித் தெருக்கள் பக்கமாகத்தான் நடக்கும். அது வழி தெரியாமல் தடுமாறிவிடக் கூடாது என்றுதான் இந்த மாதிரித் தாள்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இது என் அப்பா விஷயம் இல்லை. என் கோபத்துக்காக இன்னொரு பையனை ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைக்க எனக்கு உரிமை கிடையாது. அப்போதுதான் உறைத்தது: எஸ்.ஐ. பேசிவிட்டார், டைரக்டர் பேசிவிட்டார், அம்மா பேசிவிட்டார், நானும் மனசுக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன். அவனை யாரும் கேட்கவில்லை.

வராந்தாவுக்குப் போய் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் இப்போதே வீட்டுக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது, கேஸ்கூடப் போடலாம்.

"நீங்க என்னண்ணே எழுதுவீங்க?"

"இனிமே செய்யமாட்டான்னு."

"அப்ப நேத்துச் செஞ்சேன்னு ஆவுதுல்ல?"

"ஆமா."

அவன் தன் கையைப் பார்த்தான். வெல்டிங் பொறி பட்டுப் பொட்டுப் பொட்டாக வடு விழுந்த கை. "நேத்து ராத்திரி பூரா நான் பாய் பட்டறையிலதாண்ணே கெடந்தேன். கோயில் வாசலுக்கு இரும்பு வளைவு அடிச்சோம். விடியுற வரைக்கும் வேல" என்றான். பிறகு, "எழுதிக் குடுக்காதீங்க. கேஸு போட்டா போடட்டும்" என்றான்.

உள்ளே போய், எழுத முடியாது சார், நேற்று ராத்திரி முழுக்க அவன் பட்டறையில் வேலையில் இருந்தான் என்றேன். எஸ்.ஐ. முகம் மாறியது. "பட்டறைக்காரன் அவன் ஆளுக்குச் சாதகமாத்தான் சொல்லுவான். அப்பறம் நான் என் வேலையப் பாக்க வேண்டியதுதான்" என்றார். கொஞ்சம் பொறுங்கள், ஆள் கூட்டி வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்து பாய்க்குப் போன் போட்டேன்.

"நான் இப்பவே கெளம்பி வாரேன் தம்பி" என்றார் பாய். "ஆனா எம்பேச்சு அங்க எடுபடாது. நீ தலைவரப் போயிப் பாரு. நேத்து ராத்திரி வளைவு வேல பாக்க அவரே இங்க வந்து நின்னாரு. பயலுக்கு டீக்கு வேற சொல்லிட்டுப் போனாரு."

"எந்தத் தலைவர்?"

"ஒங்க ஊருத் தலைவருதாம்ப்பா. மோட்டாரு காணாமப் போன ஆளு."

சவரியம்மாவை மகன் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன். கோயில் பந்தலில் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். வாசலில் புது வளைவு நின்றது, சிவப்புப் பெயிண்ட் காயாமல். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர்.

"தலைவரே, நேத்து ராத்திரி கீரனூர் பட்டறைக்குப் போனீங்களா?"

"போகாம? கூடவே நின்னாத்தான் இன்னைக்கு வளைவு வரும்."

"யாரு வேல பாத்தது?"

"ஒரு சின்னப் பய. மூஞ்சிய மூடிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம அடிச்சான்பா. நல்ல கை. காலையிலகூட இவங்ககிட்டச் சொன்னேன், இந்த மாதிரி நாலு பய நம்ம ஊருல இருந்தா ஊரு உருப்பட்டுரும்னு." உட்கார்ந்திருந்தவர்கள் ஆமென்று தலையசைத்தார்கள்.

"அவன் நம்ம ஊருதான். சவரியம்மா மகன் ஆரோக்கியம். இப்ப ஸ்டேஷன்ல தரையில உக்காந்திருக்கான், உங்க மோட்டார எடுத்தான்னு."

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் யாரு பேரயும் சொல்லலப்பா. சந்தேகம் யாரு மேலன்னு கேட்டாங்க. கண்மாய்க்கரையில போர்டு போட்டிருக்கு, அங்கிட்டுப் பாருங்கன்னேன். தப்பா?"

அது என்மேல் விழுந்த அடி. பட்டுக்கொண்டேன். "போன் போடுங்க" என்றேன்.

போட்டார். "சார், அந்த ஆரோக்கியம் பயல விட்டுருங்க. பாவம், ஏழப்பட்ட புள்ள..." என்று ஆரம்பித்தார்.

"பாவம்னு விடச் சொல்லாதீங்க தலைவரே. ராத்திரி பூரா உங்க வேலையில இருந்தான்னு சொல்லுங்க."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எங்கள் மாதிரித் தெருக்காரன் அந்தப் பந்தலில் அந்தச் சத்தத்தில் பேசி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தலைவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனில், "நேத்து ராத்திரி என் வேலையிலதான் சார் இருந்தான். நான் கண்ணால பாத்தேன்" என்றார்.

விட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பாயும் வந்திருந்தார். சவரியம்மா எஸ்.ஐ.யைக் கும்பிட்டார், காவலர்களைக் கும்பிட்டார், வாசலில் சும்மா நின்ற ஆளையும் கும்பிட்டார். ஆரோக்கியம் அவர் கையைப் பிடித்து இறக்கினான். "போதும்மா. வா போவோம்."

மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தலைவரின் மச்சினன் கம்பிச் சுருள் புதிதாகக் கட்டி ரிப்பேர் பார்க்கக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார், சொல்ல மறந்துவிட்டார். திருவிழாவுக்கு வந்தபோது சொன்னார். சிரித்துக்கொண்டார்கள். மச்சினன் வீட்டு வாசலில் எந்த ஜீப்பும் நிற்கவில்லை.

மறுநாள் டைரக்டர் சார் போன் செய்தார். எழுதிக் கொடுக்காததற்குத் திட்டு முதலில். அதற்குப் பிறகு, "ஆனா நல்ல ஸ்டோரிப்பா. விசிட்டுக்கு ஆள் வரும்போது அந்தப் பையனப் பேச வைப்போம்" என்றார்.

கேஸ் இல்லை. தாள் இல்லை. ஆகவே ஆரோக்கியம் தப்பித்தான் என்று நான் நினைத்தேன். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் வழக்கம்போல அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் பையன் எப்படி என்று விசாரித்தார். ஒருவர் நல்ல பையன் என்றார். இன்னொருவர் அன்றைக்குப் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தவர். பொய் சொல்லவில்லை அவர். "போன வாரம்கூட ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்களே" என்றார். அது போதும். பாஸ்போர்ட் நின்றது. மேலும் மேலும் விளக்கம் கேட்டார்கள். நானும் பாயும் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் அலைந்தோம். கடைசியில் வந்தது. வந்தபோது ஏஜென்ட் அந்த இடத்துக்கு வேறு ஆளை அனுப்பியிருந்தார். "அடுத்த தடவ பாப்போம் தம்பி" என்றார். அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

ஒரு போர்டு அதைச் செய்தது. கெட்ட எண்ணம் கொண்ட ஒரு ஆள்கூட இந்தக் கதையில் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். எல்லாரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். நாமும் நம் வேலையைச் செய்தோம், பச்சை எழுத்தில்.

இடம் போய்விட்டது என்று தெரிந்த மறுநாள், ஆரோக்கியம் பட்டறையிலிருந்து கட்டிங் மெஷின் கொண்டுவந்தான். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். செந்தில் தகட்டைப் பிடித்துக்கொண்டான். அடியோடு அறுத்தார்கள். தகட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, குழாய் இரண்டையும் பொட்டலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நட்டு, கொக்கி வைத்து வெல்டிங் அடித்து, நெட்டை இழுத்துக் கட்டினார்கள். முதல் தடவையாக நெட் தொங்காமல் நின்றது.

பார்வையிட ஆள் வந்த நாளில் டைரக்டர் சார் ஜீப்பிலிருந்து இறங்கிப் பொட்டலைச் சுற்றிப் பார்த்தார்.

"போர்டு எங்கப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில் சொன்னான்: "அதுலதான் சார் நெட்டு கட்டியிருக்கோம்."

வந்தவர் மரியாதையான மனிதர், சிரித்தார். டைரக்டர் சாரும் சிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு, "அந்த ஸ்டேஷன் கேஸ் பையன் எங்க?" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. ஆரோக்கியம் அப்போதுதான் பட்டறையிலிருந்து பைக்கில் வந்து நின்றிருந்தான்.

"வாப்பா, கம்பத்துக்கிட்ட நில்லு. எப்படித் தப்பு வழியில போன, எப்படித் திருந்துனன்னு சார்கிட்டச் சுருக்கமாச் சொல்லு. ஒரு போட்டோ எடுத்துக்குவோம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் பைக்கில் மாட்டியிருந்த வெல்டிங் ஷீல்டை எடுத்துக்கொண்டு கம்பத்துக்கிட்டே போனான். கேமராவைத் தூக்கியதும் ஷீல்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப எடுத்துக்கங்க சார்."

எடுத்தார்கள். பிரமாதமாக வந்திருக்கிறது என்றார்கள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, வாசகம் எழுதி உங்கள் பயிற்சிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அவன் வேலை செய்கிற காட்சி என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த வழியாகப் போகும்போது ஒருமுறை நின்று பாருங்கள். அவன் கையில் வெல்டிங் ராடு இல்லை. மெஷின் இல்லை, வயர் இல்லை. படம் முழுக்கத் தேடினாலும் ஒரு தீப்பொறி கிடையாது.